விண்டோஸ் செயல்திறன் கவுண்டர்கள்: மதிப்பு தவறாக வரும்போது எங்கே பார்ப்பது

விண்டோஸின் செயல்திறன் கவுண்டர்களை, அதாவது கணினியும் நிரல்களும் எப்படி ஓடுகின்றன என்று காட்டும் எண்களை, நிரலிலிருந்து படிப்பவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. கவுண்டரை வெளியிடும் கூறு பெரும்பாலும் ஒரு மூல எண்ணைத்தான் நினைவகத்தில் எழுதி வைக்கிறது; வினாடிக்கு எத்தனை, எத்தனை விழுக்காடு, சராசரியாக எவ்வளவு நேரம் என்பவற்றையெல்லாம் படிக்கும் தரப்புதான் இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். எந்த வாய்பாட்டைப் பயன்படுத்துவது என்பதைக் கவுண்டரின் வகை தீர்மானிக்கிறது. ஆகவே திரையில் தெரியும் எண் விசித்திரமாக இருந்தால், அந்த எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதன் பின்னால் இருக்கும் மூல மதிப்புகளை வெளியே எடுக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் அதற்கு எளிய வழி உண்டு. கணக்கிட்ட மதிப்பைத் தரும் நெக்ஸ்ட்வேல்யூவை அழைக்கும் இடத்தில் தற்காலிகமாக, மூல மாதிரியைத் தரும் நெக்ஸ்ட்சாம்பிளை அழைத்து, அது திருப்பித் தரும் கவுண்டர்சாம்பிளின் மூல மதிப்பு, பேஸ் மதிப்பு (சராசரிக்கு வகுக்கும் எண்ணிக்கை), இரண்டு காலக்குறிகள், கணினியின் அதிர்வெண், கவுண்டர் வகை ஆகியவற்றை லாக் கோப்பில் எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டு மாதிரிகள் கையில் இருந்தால் கணக்கைத் தாளிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். கூடவே, அதே கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கவுண்டர் மதிப்புகளை அச்சிடும் டைப்பெர்ஃப் கட்டளைக்கு அதே கவுண்டரின் பாதையைக் கொடுத்து ஓடவிடுங்கள். அங்கே எண் சரியாக வந்தால் கோளாறு உங்கள் நிரலில் இருக்கிறது. அங்கேயும் தவறாக வந்தால் கவுண்டரை வெளியிடும் தரப்பிலோ, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிவினை செய்யாமல் கீழே உள்ள எதையும் முயல வேண்டாம்.

அறிகுறி: மதிப்பு எப்போதும் 0

விகிதமோ விழுக்காடோ தரும் கவுண்டருக்கு இரண்டு மாதிரிகள் தேவை என்பதால், கவுண்டரைப் படிக்கும் டாட்நெட் வகுப்பான பெர்ஃபார்மன்ஸ்கவுண்டரின் ஒரு ஆப்ஜெக்டில் முதல் நெக்ஸ்ட்வேல்யூ அழைப்பு 0 தருவது இயல்பே. முதல் மதிப்பைத் தள்ளிவிட்டு, குறைந்தது ஒரு வினாடி கழித்து இரண்டாவதைப் படிக்க வேண்டும். இது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இணையச் சேவைகளில் இதே பிழை வேறு வேடத்தில் வருகிறது: ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய கவுண்டர் ஆப்ஜெக்டை உருவாக்கி, ஒருமுறை படித்து, உடனே விட்டுவிடும் நிரலில் ஒவ்வொரு அழைப்பும் முதல் அழைப்பாகவே இருப்பதால், எத்தனை நாள் ஓடினாலும் 0 மட்டுமே வரும். ஆப்ஜெக்டைச் சேவையின் ஆயுள் முழுவதும் வைத்திருந்து, பின்னணியில் ஒரு டைமர் படித்து வைக்கும் மதிப்பைக் கோரிக்கைகளுக்குக் கொடுப்பதே சரி.

கவுண்டர்களைப் படிக்க விண்டோஸ் தரும் பிடிஹெச் நூலகத்தை நேரடியாகப் பயன்படுத்தும் சி, சி++ நிரல்களில் இதே நிலை 0 ஆக வராமல், தரவு செல்லாது என்ற பிழைக்குறியாக வரும். சேகரிக்கும் சார்பை ஒருமுறை மட்டும் அழைத்துவிட்டு வடிவமைத்த மதிப்பைக் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அறிகுறி: மதிப்பு 0க்கும் 100க்கும் இடையே தாவுகிறது

இங்கே மாதிரிகளின் காலக்குறிகளைப் பாருங்கள். இடைவெளி சில மில்லிவினாடிகளாக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பிராசஸ்களும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) த்ரெட்களும் (அவற்றுக்குள் இணையாக ஓடும் பணிகள்) செலவிட்ட நேரம், வழக்கமாக 15.625 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும் கடிகாரத் துடிப்பை ஒட்டியே கணக்கில் ஏறுகிறது. அதைவிடச் சிறிய இடைவெளியில் அளந்தால், ஒரு துடிப்பு உள்ளே விழுந்ததா இல்லையா என்பதைத்தான் அளக்கிறீர்கள்.

வேண்டுமென்றே யாரும் அவ்வளவு அடிக்கடி படிப்பதில்லை. ஒரே கவுண்டர் ஆப்ஜெக்டை இரண்டு இடங்கள் பகிர்ந்துகொள்வதுதான் பெரும்பாலும் காரணம். நெக்ஸ்ட்வேல்யூ ஒவ்வொரு அழைப்பிலும் முந்தைய மாதிரியை மாற்றி எழுதிவிடுகிறது. திரையைப் புதுப்பிக்கும் டைமர் ஒரு முறையும், லாக் எழுதும் த்ரெட் அதற்கு 3 மில்லிவினாடி கழித்து ஒரு முறையும் அழைத்தால், இரண்டாவதற்குக் கிடைப்பது அந்த 3 மில்லிவினாடிக்கான கணக்கு. படிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். மற்றவர்கள் அவர் சேமித்து வைத்ததை எடுத்துக்கொள்ளட்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. மூல மதிப்புகளைத் தாமே கழித்துக் கணக்கிடுபவர்கள், ஒரு வினாடி தூங்கச் சொன்னோம் என்பதால் இடைவெளி ஒரு வினாடிதான் என்று எடுத்துக்கொள்வார்கள். சர்வர் திணறிக்கொண்டிருக்கும்போது அந்த உறக்கம் 1.4 வினாடி ஆகலாம். 700 கோரிக்கைகள் கூடியிருந்தால் சரியான விடை வினாடிக்கு 500; நிரலோ 700 என்று சொல்லும். சுமை அதிகமான நேரத்தில் மட்டும் மிகைப்படுத்திக் காட்டும் கருவியைவிட ஆபத்தானது வேறில்லை. வகுக்கும் எண் எப்போதும் மாதிரிக்குள்ளேயே இருக்கும் காலக்குறிகளின் வித்தியாசமாக இருக்க வேண்டும்.

அறிகுறி: ப்ராசஸர் பயன்பாடு தலைகீழாகவோ, 100க்கு மேலோ, சரியாக 100லேயே நின்றோ வருகிறது

கவுண்டர்கள் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ப்ராசஸர் தொகுதியில் உள்ள "% ப்ராசஸர் டைம்" கவுண்டரின் மூல மதிப்பு, ப்ராசஸர் வேலை செய்த நேரம் அன்று, சும்மா இருந்த நேரம். அதன் வகை 100 நானோவினாடி அலகில் அமைந்த தலைகீழ் டைமர். ஒரு வினாடி இடைவெளியில் காலக்குறி 1,00,00,000 கூடி, மூல மதிப்பு 75,00,000 கூடியிருந்தால், ப்ராசஸர் முக்கால் பங்கு நேரம் சும்மா இருந்திருக்கிறது, விடை 25. வகையைப் பார்க்காமல் வகுத்தவருக்கு 75 வரும். ஆனால் பிராசஸ் தொகுதியில் அதே பெயரில் உள்ள கவுண்டர் நேரான டைமர். பெயர் ஒன்று, கணக்கு வேறு என்பதால், கையால் கணக்கிடும் எந்த நிரலும் கவுண்டர் வகையைப் படித்து அதன்படி பிரிய வேண்டும். பெயரை நம்பக் கூடாது.

பிராசஸ் தொகுதியின் கவுண்டர் எல்லாத் தருக்க ப்ராசஸர்களையும் (விண்டோஸ் தனித்தனியாக எண்ணும் ப்ராசஸர்கள்) கூட்டிச் சொல்வது. 8 தருக்க ப்ராசஸர்கள் உள்ள கணினியில் அது 800 வரை போகலாம். 340 என்று வந்தால் அதை 8ஆல் வகுத்து 42.5 என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. பிடிஹெச் வழியாகப் படிப்பவர்களுக்கு 340க்குப் பதிலாக அசையாத 100 வரும். வடிவமைக்கும்போது 100இல் வெட்ட வேண்டாம் என்ற கொடியைச் சேர்க்காவிட்டால் அந்நூலகம் வெட்டிவிடுகிறது.

டாஸ்க் மேனேஜரோடு எண் ஒத்துவரவில்லை என்ற முறையீடும் அடிக்கடி வரும். விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜர் "% ப்ராசஸர் யுட்டிலிட்டி" என்ற வேறொரு கவுண்டரைக் காட்டிவந்தது; 2025இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புகளில்தான் இது மாறியது. அது ப்ராசஸர் ஓடும் வேகத்தையும் கணக்கில் சேர்ப்பதால், டர்போ வேகத்தில் 100ஐத் தாண்டவும் செய்யும். இரண்டும் சரியே; எதைக் காட்டுகிறீர்கள் என்பதைத் திரையில் எழுதிவிடுங்கள். 64க்கு மேல் தருக்க ப்ராசஸர்கள் உள்ள சர்வர்களில் பழைய ப்ராசஸர் தொகுதி ஒரு ப்ராசஸர் குழுவை (விண்டோஸ் 64 வரை சேர்த்துப் பிரிக்கும் கூட்டம்) மட்டுமே காட்டும் என்பதால், அங்கே ப்ராசஸர் இன்ஃபர்மேஷன் தொகுதியையே பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி: நாமே வெளியிடும் சராசரி நேரம் நம்ப முடியாததாக இருக்கிறது

இந்தப் பகுதியில்தான் பிழைகள் மிகுதி. அவற்றில் பலவும் சோதனைக் கணினியில் தலைகாட்டாதவை.

சராசரி நேரம் தரும் ஆவரேஜ்டைமர்32 வகையின் வாய்பாடு இது: மூல மதிப்புகளின் வித்தியாசத்தைக் கணினியின் அதிர்வெண்ணால் வகுத்து, அதைப் பேஸ் மதிப்புகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும், விடை வினாடியில். அதிர்வெண்ணால் வகுக்கிறது என்பதிலிருந்தே, நாம் கூட்ட வேண்டியது டாட்நெட்டின் நேரம் அளக்கும் வகுப்பான ஸ்டாப்வாட்ச் பயன்படுத்தும் உயர்நுட்பக் கடிகாரத்தின் துடிப்புகளை என்பது விளங்கும். ஆனால் நிரல்களில் காணக்கிடைப்பது வேறு. மில்லிவினாடியைக் கூட்டியவருக்கு, 200 மில்லிவினாடி எடுத்த வேலை 200 துடிப்புகளாகப் பதிவாகி, அதிர்வெண் ஒரு கோடியாக இருக்கும் கணினியில் 0.00002 வினாடி என்று தெரியும். இது அபத்தம் என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

டாட்நெட்டின் நேர வகுப்புகளான டேட்டைம் அல்லது டைம்ஸ்பான் தரும் டிக்ஸைக் கூட்டுவதுதான் வஞ்சகமான பிழை. அந்த டிக் எப்போதும் 100 நானோவினாடி. வினாடிக்கு ஒரு கோடி. இன்றைய விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் உயர்நுட்பக் கடிகாரத்தின் அதிர்வெண்ணும் அதே ஒரு கோடியாக இருப்பதால், தவறான நிரலும் சரியான விடையைத் தருகிறது. அதே நிரல், அதிர்வெண் 35,79,545 ஆக உள்ள பழைய சர்வரிலோ மெய்நிகர் இயந்திரத்திலோ ஓடும்போது, ஒரு வினாடி எடுத்த வேலையை ஏறத்தாழ 2.79 வினாடி என்று காட்டும். ஒரு சர்வர் மட்டும் ஏதோ ஒரு நிலையான மடங்கில் மெதுவாகத் தெரிகிறது என்றால், வன்தட்டையோ நெட்வொர்க்கையோ சந்தேகிக்கும் முன் இரு கணினிகளிலும் ஸ்டாப்வாட்சின் அதிர்வெண்ணை அச்சிட்டு ஒப்பிடுங்கள். தீர்வு ஒரே வரி மாற்றம்: வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஸ்டாப்வாட்சின் கெட்டைம்ஸ்டாம்பை அழைத்து, வித்தியாசத்தை அப்படியே இன்கிரிமென்ட்பை வழியாகக் கூட்டுங்கள். எந்த அலகு மாற்றமும் செய்யாதீர்கள்.

அடுத்து, பேஸ் கவுண்டர். ஒவ்வொரு சராசரிக் கவுண்டருக்கும் அடுத்த இடத்திலேயே அதன் பேஸ் கவுண்டரைப் பதிவு செய்ய வேண்டும்; இடையில் வேறொன்று புகுந்தால் தொகுதியை உருவாக்கும்போதே பிழை எழும் என்பதால் அது பெரிய சிக்கல் அன்று. பேஸைக் கூட்ட மறப்பதுதான் சிக்கல். வேலை வெற்றியாக முடிந்த பாதையில் இரண்டையும் கூட்டிவிட்டு, எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) எழும் பாதையில் நேரத்தை மட்டும் கூட்டிய நிரல், பிழைகள் பெருகும் நாளில் சராசரியை ஊதிக் காட்டும். இரண்டு கூட்டல்களும் பிழை எழுந்தாலும் ஓடும் ஒரே ஃபைனலி பகுதிக்குள் அடுத்தடுத்த வரிகளில் இருக்க வேண்டும்.

சராசரிக் கவுண்டர் 0 காட்டினால் வேகம் கூடிவிட்டது என்று மகிழ வேண்டாம். இரு மாதிரிகளுக்கிடையே ஒரு வேலைகூட முடியாதபோது பேஸ் வித்தியாசம் 0. அப்போது டாட்நெட் தரும் விடையும் 0. ஒரு டெட்லாக்கில், அதாவது ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு, எல்லா த்ரெட்களும் உறைந்து நிற்கும் சேவை, வரைபடத்தில் மிகச் சிறப்பாகச் செயல்படுவதாகவே தெரியும். நெக்ஸ்ட்சாம்பிளை எடுத்துப் பேஸ் வித்தியாசத்தை நீங்களே சோதித்து, அது 0 என்றால் மதிப்பு இல்லை என்று பதிவு செய்வது நல்லது. என்னைக் கேட்டால், வரைபடத்துக்கோ எச்சரிக்கைக்கோ போகும் எந்தக் கவுண்டருக்கும் நெக்ஸ்ட்வேல்யூவைப் பயன்படுத்தவே கூடாது.

த்ரெட்கள் பல கூடி எழுதும் கவுண்டரில் எண்ணிக்கை குறைவாக வந்தால், மூல மதிப்பான ராவேல்யூவை நேரடியாக ஒன்று கூட்டும் வரி எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். அது பிரிக்க முடியாத ஒரே செயல் அன்று. இரண்டு த்ரெட்கள் ஒரே மதிப்பைப் படித்து ஒரே மதிப்பை எழுதிவிடும். இன்கிரிமென்ட் சார்பு அந்தப் பாதுகாப்போடு வருகிறது.

அறிகுறி: மணிநேரச் சராசரி, கண்ணால் பார்த்ததோடு பொருந்தவில்லை

சராசரிகளின் சராசரியைக் கணக்கிட்டிருப்பீர்கள். முதல் இடைவெளியில் ஒரே கோரிக்கை 900 மில்லிவினாடி எடுத்தது. அடுத்த இடைவெளியில் 99 கோரிக்கைகள் தலா 10 மில்லிவினாடி எடுத்தன என்று கொள்வோம். இரு சராசரிகளின் நடுவெண் 455. உண்மையான சராசரி 1,890ஐ 100ஆல் வகுத்த 18.9 தான். வடிவமைத்த மதிப்புகளைத் தரவுத்தளத்தில் சேமித்துவிட்டால் இதைப் பிறகு சரிசெய்யவே முடியாது. மூல மதிப்பையும் பேஸையும் காலக்குறியையும் சேமித்து, மணிநேரத்தின் முதல் மாதிரியையும் கடைசி மாதிரியையும் கவுண்டர்சாம்பிளின் கணக்கிடும் சார்பான கால்குலேட்டுக்குக் கொடுத்தால் எந்த நீள இடைவெளிக்கும் சரியான விடை கிடைக்கும். இடையில் சேவை மறுதொடக்கம் ஆகாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: எதிர்மறை மதிப்பு, திடீர்ப் பாய்ச்சல், அல்லது இன்ஸ்டன்ஸ் இல்லை என்ற பிழை

பிராசஸ் தொகுதியில் ஒரே நிரல் பல பிரதிகளாக ஓடும்போது இன்ஸ்டன்ஸ் (ஒவ்வொரு பிரதிக்குமான தனிப் பதிவு) பெயர்கள் குரோம், குரோம்#1, குரோம்#2 என்று வரும். இந்த எண்கள் நிலையானவை அல்ல. நடுவில் ஒரு பிராசஸ் முடிந்ததும் பின்னால் இருப்பவை ஒவ்வோர் இடம் முன்னேறிவிடும். நேற்றுவரை #2 ஆக இருந்தது இன்று #1. உங்கள் நிரல் ஒரு பிராசஸின் புதிய மாதிரியிலிருந்து இன்னொரு பிராசஸின் பழைய மாதிரியைக் கழிக்கும். விடை எதிர்மறையாகவோ வானளாவியோ வரும். கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த இன்ஸ்டன்ஸே இல்லை என்ற எக்ஸெப்ஷன் வரும்.

விண்டோஸ் 11இல் "பிராசஸ் வி2" என்ற தொகுதி, பெயரோடு பிராசஸ் எண்ணையும் சேர்த்தே இன்ஸ்டன்ஸைப் பெயரிடுவதால் சிக்கலே எழாது. பழைய பதிப்புகளில், பெர்ஃப்பிராக் சேவையின் ரெஜிஸ்ட்ரி விசையில் பிராசஸ்நேம்ஃபார்மட் என்ற மதிப்பை 2 ஆக வைத்தால் அதே விளைவு கிடைக்கும்; ஆனால் அது அந்தக் கணினியில் கவுண்டர் படிக்கும் எல்லாக் கருவிகளையும் பாதிக்கும் என்பதால், வேறொருவரின் சர்வரில் கேட்காமல் மாற்றாதீர்கள். மாற்ற முடியாத இடத்தில், ஒவ்வொரு மாதிரியோடும் "ஐடி பிராசஸ்" கவுண்டரையும் படித்து, எண் மாறியிருந்தால் அந்தச் சோடியைத் தூக்கி எறிய வேண்டும்.

பிராசஸ் தொகுதியில் இல்லாத கவுண்டரிலும் எதிர்மறை வந்தால், 32 பிட் எண் நிரம்பிச் சுழன்றிருக்கலாம் அல்லது வெளியிடும் சேவை மறுதொடக்கமாகி 0இலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கலாம். பிடிஹெச் அப்போது எதிர்மறை மதிப்புக்கான தனிப் பிழைக்குறியைத் தரும். அது நிரலை நிறுத்த வேண்டிய பிழை அன்று. அந்த ஒரு மாதிரியை விட்டுவிட்டு அடுத்ததைச் சேகரித்தால் போதும்.

அறிகுறி: மதிப்பு மாறாமல் உறைந்து நிற்கிறது

டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் "சிஎல்ஆர் மெமரி" தொகுதியில் இதைப் பார்க்கலாம். ஹீப்பின் (நிரலின் ஆப்ஜெக்ட்கள் வாழும் நினைவகம்) அளவும், குப்பை சேகரிப்பில் (பயன்படாத நினைவகத்தை விடுவிப்பதில்) கழிந்த நேர விழுக்காடும் ஒவ்வொரு சேகரிப்பின் முடிவில் மட்டுமே புதுப்பிக்கப்படுகின்றன. கடைசிச் சேகரிப்பின்போது விழுக்காடு 50 ஆக இருந்து, பிறகு நிரல் இரவு முழுவதும் சும்மா கிடந்தால், விடியும்வரை 50 என்றே காட்டும். சேகரிப்பு எண்ணிக்கைக் கவுண்டரையும் கூடவே படித்து, அது கூடாத இடைவெளிகளில் விழுக்காட்டைப் பொருட்படுத்தாமல் விடுங்கள்.

அந்தத் தொகுதியில் உங்கள் நிரலின் இன்ஸ்டன்ஸே தென்படவில்லை என்றால், நிரல் டாட்நெட் கோரில் அல்லது அதன் பிந்தைய பதிப்புகளில் ஓடுகிறதா என்று பாருங்கள். அவை இந்தப் பழைய தொகுதிகளில் எதையும் எழுதுவதில்லை. அங்கே டாட்நெட்-கவுண்டர்ஸ் கருவியையும் ஈவென்ட்கவுண்டரையும், டாட்நெட் 6 முதல் மீட்டர் வகுப்பையும் நாட வேண்டும். பெர்ஃபார்மன்ஸ்கவுண்டர் வகுப்பைத் தனிப் பொதியாகச் சேர்க்கலாம் என்றாலும், லினக்ஸில் அதை அழைத்தால் தளம் ஆதரிக்கவில்லை என்ற எக்ஸெப்ஷன்தான் கிடைக்கும்.

அறிகுறி: எண்ணே வரவில்லை, எக்ஸெப்ஷன் வருகிறது

ரெஜிஸ்ட்ரியில் செல்லாத இன்டெக்ஸ் படிக்கப்பட்டது என்று செய்தி வந்தால், பெர்ஃப்லிப் விசையின் கீழ் உள்ள பெயர்ப் பட்டியல் கெட்டுவிட்டது. அட்மின் அனுமதியோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, முதலில் லோட்சிடிஆர் கட்டளையின் /எஸ் விருப்பத்தால் இப்போதைய நிலையை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, பிறகு /ஆர் விருப்பத்தால் பட்டியலை மறுபடி கட்டச் சொல்லுங்கள். டைப்பெர்ஃபும் சேர்ந்து தோற்கும் நிலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

கேட்டகரி (தொகுதி) இல்லை என்ற செய்திக்குக் காரணங்கள் பல. ஜெர்மன் விண்டோஸில் ப்ராசஸர் தொகுதியின் பெயரே வேறு. பிடிஹெச் பயன்படுத்துபவர்கள், விஸ்டாவிலிருந்து உள்ள ஆங்கிலப் பெயர்ச் சார்பால் கவுண்டரைச் சேர்த்தால் எந்த மொழியிலும் ஓடும். நீங்களே உருவாக்கிய தொகுதியென்றால், அதை உருவாக்கிய அதே கணத்தில் பயன்படுத்தப் பார்த்திருப்பீர்கள். உருவாக்குவது நிறுவும் நிரலின் வேலை. அதற்கு அட்மின் அனுமதியும் வேண்டும். படிப்பதற்கு, சேவை ஓடும் கணக்கைப் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் யூசர்ஸ் குழுவில் சேர்த்தால் போதும். சேர்த்தபின் சேவையை மறுதொடக்கம் செய்ய மறக்காதீர்கள். வேறொரு கணினியிலிருந்து படிக்க முயன்று தோற்றால், அங்கே ரிமோட் ரெஜிஸ்ட்ரி சேவை ஓடுகிறதா என்று பாருங்கள்.

கவுண்டர் கோப்பின் நினைவகம் தீர்ந்தது என்ற செய்தி வேறு கதை. டாட்நெட்டில் நாம் உருவாக்கும் கவுண்டர்கள் பிராசஸ்கள் பகிரும் நினைவகத்தில் வாழ்கின்றன. கான்ஃபிக் கோப்பில் அதன் இயல்பான அளவு 5,24,288 பைட். பயனருக்கு ஒன்று, அமர்வுக்கு ஒன்று என்று இன்ஸ்டன்ஸ்களை உருவாக்கிவிட்டு நீக்காமல் போனால் அது நிரம்பிவிடும். அந்த அளவைக் குறிக்கும் ஃபைல்மேப்பிங்சைஸை உயர்த்துவது நாளைத் தள்ளிப்போடுவதுதான். முடிந்த இன்ஸ்டன்ஸை ரிமூவ்இன்ஸ்டன்ஸால் நீக்குங்கள், அல்லது அதன் ஆயுளைப் பிராசஸோடு கட்டிவிடுங்கள்.

அறிகுறி: கண்காணிக்கும் நிரலே ப்ராசஸரைத் தின்கிறது

ஒரு இன்ஸ்டன்ஸின் ஒரு கவுண்டரைக் கேட்டாலும் அந்தத் தொகுதி முழுவதற்குமான தரவே திரட்டப்படுகிறது. 300 பிராசஸ்களுக்குத் தலா 4 கவுண்டர் ஆப்ஜெக்ட்கள் வைத்து ஒவ்வொரு வினாடியும் நெக்ஸ்ட்வேல்யூ அழைத்தால், அதே தரவை 1,200 முறை கேட்கிறீர்கள். பெர்ஃபார்மன்ஸ்கவுண்டர்கேட்டகரியின் ரீட்கேட்டகரி சார்பை வினாடிக்கு ஒருமுறை அழைத்தால் எல்லா இன்ஸ்டன்ஸ்களின் மாதிரிகளும் ஒரே தொகுப்பாக வந்துவிடும்; முந்தைய தொகுப்பை நினைவில் வைத்து, இன்ஸ்டன்ஸ்வாரியாகக் கால்குலேட்டுக்குக் கொடுப்பது மட்டுமே மிச்சம். எல்லா மதிப்புகளும் ஒரே கணத்துக்குரியவை என்பதால், "ஐடி பிராசஸ்" கவுண்டரால் சோடிகளைச் சரிபார்ப்பதும் அப்போதுதான் முழு நம்பகத்தோடு நடக்கும். தனித்தனி அழைப்புகளில், எண்ணைப் படித்ததற்கும் மதிப்பைப் படித்ததற்கும் இடையிலேயே ஒரு பிராசஸ் முடிந்து பெயர்கள் நகர்ந்துவிடக்கூடும்.